அயர்லாந்து மன்னரின் அன்புப் பேரன்

அண்ணாவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் இணையத்தில் தேடுவீர்கள். தேடினால் அண்ணா வரமாட்டார். மன்னர்கள்தான் வருவார்கள்.

அது ஓர் ஐரிஷ் பெயர். சுவிஸில், லாங்கன்தாலில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். அண்ணாவின் நட்சத்திரத்துக்கு ஓர் எழுத்துச் சொன்னார்கள். எண்சாத்திரக்காரர் கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டும் என்றார். அப்பா அந்த எழுத்தில் தொடங்கும் தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். ஒன்று நான்கு வந்தது, இன்னொன்று எட்டு வந்தது, ஐந்து மட்டும் வரவேயில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைப் பெயர்கள் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். பதிய வேண்டிய கடைசி நாள் அதில் ஒரு பெயர் சரியாக ஐந்து வந்தது. அப்பா அதைச் சுவிஸ் பெயர் என்று நினைத்தார். பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மார் அதைத் தமிழ்ப் பெயர் என்று நினைத்தார்கள். பதினைந்து வருடம் இரண்டு பக்கமும் ஒன்றும் கேட்காமல் மரியாதையாக இருந்தார்கள்.

பிறகு ஒருநாள் அண்ணா அந்தப் பெயர் வைத்திருந்த ஆட்களின் பட்டியல் ஒன்றைக் கண்டுபிடித்தார். முதலாவது ஒரு மன்னர். மாடுகளுக்காகச் சண்டை பிடித்து மைத்துனன் கையால் செத்தவர். அடுத்தது ஒரு துறவி, குளிர்ந்த ஆற்றில் கழுத்தளவு நின்று செபம் சொன்னவர். பிறகு, முதல் பயணத்திலேயே கப்பலைப் பாறையில் ஏற்றிய ஒரு கப்டன். ஒரு மிருக வைத்தியர். கடைசியில் ஒரு கோல் கீப்பர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. குப்பைப் பையை வெளியில் வைக்கச் சொன்னால், ராச பரம்பரை குப்பை தூக்காது என்பார். நான் சுடுதண்ணீரை முடித்துவிட்டால், இன்றைக்கு நான் துறவி என்று சொல்லிக்கொண்டு பச்சைத்தண்ணீரில் குளிப்பார். லைசென்ஸ் எடுத்த கிழமையே அப்பாவின் காரைத் தூண் ஒன்றில் இடித்துவிட்டு வந்து, எல்லாம் கப்டனின் ரத்தம் என்றார்.

போன மாசி மாதம், வேலைக்குப் போன இடத்தில் அண்ணாவின் நெஞ்சு நின்றுவிட்டது. இருபத்தாறு வயது. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பார்கள். படம் இருக்கும், தேவாரம் இருக்கும், பிறகு ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரேயொரு வசனம் இருக்கும். காலஞ்சென்ற இன்னாரின் அன்புப் பேரனும், இன்னாரின் பாசமிகு மகனும், இன்னாரின் ஆசைப் பெறாமகனும் என்று போய், முற்றுப்புள்ளி வருவதற்குள் சொந்தம் முழுக்க உள்ளே வந்துவிடும். மண்டபத்தில் அதை ஒருவர் எழும்பி நின்று வாசிக்கவும் வேண்டும். அம்மாவும் அப்பாவும் அப்போது கதைக்கிற நிலையில் இல்லை. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு பிஸ்கற் பாக்டரியில் பெட்டி அடுக்குகிறவள்.

அம்மாவின் அக்காவைக் கட்டிய பெரியப்பா கோயில் சபையில் இருக்கிறார். அண்ணாவின் பெயர் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை, மூத்தவன் என்றுதான் சொல்லுவார். மலரில் அந்தப் பெயர் வேண்டாம், ஒரு முருகன் பெயரைப் போட்டு அடி என்றார்.

"அர்த்தம் தெரியாத பேர், பிள்ளை. சனம் சிரிக்கும்."

எனக்கு அது தாங்கவில்லை. சாம்பல் பெட்டியில்கூட அந்தப் பெயர்தான் இருந்தது. மலரில் முருகன் பெயர் வந்தால் வேறு யாரோ செத்த மாதிரி இருக்கும். அப்போது என் அண்ணா எங்கே போவார்?

மலர் அடிக்கிறவர் ஷாஃப்ஹவுசனில் இருக்கும் ஓர் அண்ணை. கலியாணம், சாமத்தியம், செத்தவீடு மூன்றுக்கும் அவர்தான். பெயரின் பெருமையை நாலு வரி எழுதட்டும், பெரியப்பாவின் வாய் அடையட்டும் என்று நினைத்து, அந்தப் பட்டியலைப் படங்களோடு அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுத மறந்துவிட்டேன். அடுத்த நாள் வேலையில் இடைவேளை முடிகிற நேரம் அவருடைய குரல் பதிவு வந்தது. இவர்கள் எல்லாரும் காலமாகிவிட்டார்களா என்று கேட்டார். எப்பவோ என்று எழுதினேன். தகப்பன் பக்கமா என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. கையுறை போட்ட விரலால் கட்டைவிரல் படம் ஒன்றை அமத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், பெட்டி வந்தது. நான் மலரைத் திறந்தேன். மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருந்த அப்பப்பாவின் படம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் கிரீடமும் தாடியுமாக மன்னர். இருவருக்கும் ஒரே அளவு மாலை, நடுவில் ஒரு குத்துவிளக்கு. கீழே வசனம் ஓடியது. காலஞ்சென்றவர்களான சைக்கிள் கடை உரிமையாளர், அயர்லாந்து மன்னர், ஆற்றுத் துறவி, கப்பல் கப்டன், மிருக வைத்தியர், பிரபல கோல் கீப்பர் ஆகியோரின் அன்புப் பேரனும். அப்பப்பாவைத் தவிர எல்லாருக்கும் முன்னால் அண்ணாவின் பெயர். ஒரு தடவை போடத்தான் நான் சண்டை பிடித்தேன். ஆறு தடவை வந்திருந்தது.

ஷாஃப்ஹவுசன் அண்ணைக்குப் போன் அடித்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ராசா எண்டு கண்டதும் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது, தங்கச்சி. ஆனா செத்தவீட்டுச் சனத்திட்ட நான் என்னெண்டு குறுக்கு விசாரணை செய்யிறது?"

பெரியப்பா எல்லாவற்றையும் கடதாசிக் குப்பையில் போடச் சொன்னார். முருகன் பெயரோடு ஒற்றைத் தாள் அடித்துப் பிரதி எடுத்தால் போதும் என்றார். அம்மா கையை நீட்டி ஒரு மலரை வாங்கினார். ஒரு மாதமாக எதையும் வாசிக்காதவர், முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து வாசித்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இந்தக் கோல் கீப்பர் செத்திட்டானோ?"

போனில் பார்த்தேன். போன கிழமையும் விளையாடியிருந்தான், இரண்டு கோல் விட்டிருந்தான்.

"இல்லையம்மா, இருக்கிறான்."

"அப்ப அவனை வெட்டு. அவன்ர தாய் கண்டா என்ன பாடுபடுவா."

மற்றவர்களை என்ன செய்வது என்று பெரியப்பா கேட்டார்.

"அவை இருக்கட்டும் அத்தான். பிள்ளை தனியப் போயிட்டான். ஆரும் கூட நிக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒருவரும் முருகன் பெயரைப் பற்றிக் கதைக்கவில்லை. இருநூறு மலர்களிலும் கோல் கீப்பரை வெட்ட வேண்டும். அப்பா அடிமட்டம் பிடித்தார், நான் கறுப்புப் பேனையால் கோடு போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பெரியப்பா, என் கோடு வளைகிறது என்று பேனையைப் பறித்துத் தானே இருந்து போட்டார். ஐம்பதாவது மலரில் அப்பா, இந்தப் பொடியனை இவ்வளவு தரம் காப்பாற்றுகிறோம், அவனுக்கு ஒரு கோல் காப்பாற்றத் தெரியவில்லை என்றார். அம்மா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சனம் மலரை நல்ல கவனமாக வாசித்தது. அப்பாவோடு ஒரே அகதி முகாமில் இருந்த ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்து, இத்தனை வருடம் பழகியும் ராச பரம்பரை என்று வாய் திறக்கவில்லையே என்று குறைப்பட்டார். ஓர் அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கப்டன் பக்கத்தில் கலியாணத்துக்குப் பொடியன்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தார். வெட்டுப்பட்ட ஆள் யார், ஏதும் குடும்பப் பிரச்சினையா என்றும் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்ததும் பெரியப்பா வாசிக்க எழும்பினார். லாங்கன்தாலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, அண்ணாவின் பெயர் வருகிற இடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார்.

முன் வரிசையிலிருந்து அம்மா சொன்னார்.

"பேரைச் சொல்லுங்கோ, அத்தான்."

சொன்னார். தொண்டைக்குள்தான் சொன்னார், ஆனால் மைக்கில் கேட்டது. அப்பப்பாவுக்கு அடுத்ததாக மன்னர் வந்தார், அவருக்கும் அதே பெயர், திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. துறவிக்கும் சொன்னார். கப்டன் வந்தபோது கொடியேற்றம் அறிவிக்கிற குரல் அவருக்கு வந்துவிட்டது. மிருக வைத்தியருக்குச் சொன்னபோது பின்னால் சமையலுக்கு நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். வெட்டின கோட்டில் மூச்சு எடுத்தார். பாசமிகு மகனும் என்று அப்பாவையும் அம்மாவையும் வாசித்தார். அடுத்தது நான். ஆசை அண்ணாவும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, மூக்கும் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்க ஒன்றும் கையில் இல்லாதபடியால் சீலைத் தலைப்பில் துடைத்தேன்.