ஹாக்கிக்குப் பேர் போட்ட பருவம்

ஹாக்கியில் மிகக் கடினமான இடம் கோல்கீப்பருடையது என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தவறை இனியும் பரவ விடுவது நியாயமல்ல என்பதால் சொல்லிவிடுகிறேன்: மிகக் கடினமான இடம் கோட்டுக்கு வெளியே, குடைக்குக் கீழே, ஒரு மடக்கு நாற்காலியில் இருக்கிறது. யார் எப்படி ஆடினார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் அதில் உட்கார்ந்திருப்பான். கோல்கீப்பர்மீது எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமே பந்தடிப்பார்கள். தீர்ப்புச் சொல்கிறவன்மீது சொந்தக் கட்சிக்காரர்களே பாய்வார்கள். அவனுக்குக் காலில் கட்டிக்கொள்ளப் பேடும் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் இரண்டாம் கிளாக்கராக இருந்தேன். எங்கள் துரைக்கு ஹாக்கிப் பைத்தியம். உத்தியோகத்தர், தொழிலாளி, கடைக்காரர் என்று பாராமல் ஒரு கட்சி திரட்டினார். பருவக் கடைசியில் ரத்தினபுரியில் துரைமார் கிளப்போடு ஓர் ஆட்டம். அதற்கு யார் யாரை அழைத்துப்போவது என்பதை, ஒவ்வோர் ஆட்டத்திலும் அவரவர் ஆடிய விதத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு ஓட வராது. ஆனால் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தேன். தோட்டத்தில் இந்த இரண்டு தகுதிகளும் ஒருசேர வாய்த்தவன் நான் ஒருவனே.

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. தோட்டத்தில் எல்லோருக்கும் புரிந்த கணக்கு ஒன்று ஏற்கெனவே இருந்தது. நாள் வேலையை ஒழுங்காக முடித்தவருக்கு முழுப்பேர். குறை வைத்தவருக்கு அரைப்பேர். அதையே ஹாக்கிக்கும் வைத்தேன். ஆட்டம் முடிந்ததும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அதே பெரட்டுக்களத்தில் நின்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, முழுப்பேரா அரைப்பேரா என்று உரக்கக் கூறுவேன். அரைப்பேர் மிகுந்தவருக்கு ரத்தினபுரிப் பயணம் இல்லை. கட்சித் தலைவர் மட்டும் இந்த விதிக்கு அப்பாற்பட்டவர். அவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். பிறருக்கு மதிப்புப் போடும் வேலையில் சிக்கித் தூக்கம் கெட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேலே படியுங்கள். ஆறுதல் கிடைக்காது, துணை கிடைக்கும்.

மேலே போகும் கை

முத்தையா, உயர்ந்துபோன தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். எங்கள் கட்சியில் அவரைப்போல ஓட ஆளில்லை. இடது ஓரத்தில் பந்தோடு கிளம்பினாரென்றால், அவரைத் துரத்துகிறவர்கள் பாதி வழியில் நின்று காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். அட்டை ஏறியதனால் நின்றார்களா, நிற்பதற்கு அட்டை ஒரு சாக்கா என்பது ஆராயத்தக்கது.

ஆனால் கவ்வாத்துக் கத்தியைக் கீழிருந்து மேலே இழுத்துத்தான் வெட்ட வேண்டும். வெட்டு முடியும்போது கை தோளுக்கு மேலே நிற்கும். முத்தையா ஹாக்கி மட்டையையும் அப்படியே வீசினார். மட்டை தோளுக்கு மேலே போனால் குற்றம் என்பது விதி. பலாங்கொடை டவுன் பையன்களோடு நடந்த முதல் ஆட்டத்தில், அவர் அடித்தபோதெல்லாம் விசில் ஊதினார்கள். இரண்டு கோல் செல்லாமல் போயிற்று. மாலையில் பெரட்டுக்களத்தில் அவருக்கு அரைப்பேர் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விதி விதிதான் என்று விளக்கினேன். முத்தையா கேட்டுவிட்டுத் தம் வலது கையை ஒருமுறை உயர்த்திப் பார்த்துக்கொண்டார்.

"கத்தி மேல வரலைன்னா வெட்டு விழாதுங்க. மட்டை மேல வந்தா பேரு விழாதுங்கிறீங்க. அப்ப இந்தக் கைய நான் எங்கதாங்க வச்சுக்கிறது?"

வாடிய கொழுந்து

எங்கள் தற்காப்பில் ஃபுல்பேக்காக நின்றவர், பாக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கர் அந்தோனி. மலைபோல நிற்பார், பந்து அவரைத் தாண்டிப் போனதை நான் பார்த்ததில்லை. அவர் பந்தைத் தாண்டிப் போனதைத்தான் பார்த்தேன். கலவானைப் பக்கத்துத் தோட்டத்தோடு ஆடிய ஞாயிற்றுக்கிழமை, சரிபாதி ஆட்டத்தில் நின்று மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தார். பிறகு மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல், பாக்டரியை நோக்கி நடக்கத் தொடங்கினார். முந்தின நாள் மழை. மேல்மாடித் தட்டுகளில் பரப்பிய கொழுந்து அப்போதுதான் பதமாக வாடியிருந்ததாம், உடனே அரைக்கப் போடாவிட்டால் கெட்டுவிடுமாம். அவர் போன வழியே கலவானைக்காரர்கள் வந்து கோல் போட்டார்கள்.

பாதி ஆட்டம் ஆடியவருக்கு அரைப்பேர் என்பது என் மதிப்பீட்டு வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுலபமான கணக்கு. அந்தோனி கோபிக்கவில்லை. மறுநாள் ஆபீசுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி அனுப்பினார். கொண்டுவந்தவரிடம் செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இது அரைப்பேருக்குப் போட்ட தேத்தண்ணி. குடிச்சுப் பாத்துட்டு, முழுப்பேருக்கு எப்பிடி இருக்கும்னு ஐயாவையே நெனச்சுப் பாக்கச் சொல்லு."

கோலுக்குப் பின்னால் ஒரு கடை

கோல்கீப்பர் காதர் நானா, தோட்டத்து வாசலில் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகக் கடையை மூடுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. வாடிக்கைக்காரர்கள்தாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கோலுக்குப் பின்னால் வந்து நின்று, கருவாடு இருக்கிறதா, மண்ணெண்ணெய் வந்ததா என்று விசாரிப்பார்கள். தமிழில் கேட்டால் தமிழிலும், கிராமத்து ஆட்கள் சிங்களத்தில் கேட்டால் "தியெனவா, தியெனவா" என்று சிங்களத்திலும், இருக்கிற சரக்கை நானா ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்கையில் மரியாதைக்குத் திரும்பிப் பார்ப்பார். அப்படித் திரும்பிய நேரத்தில் ஒருமுறை பந்து அவருக்கும் கம்பத்துக்கும் நடுவே நிதானமாக உருண்டு உள்ளே போயிற்று. அவர் தேங்காய் எண்ணெய் பற்றிப் பேசி முடித்துவிட்டுத்தான் அதைக் கவனித்தார்.

அரைப்பேர் சொன்னேன். எல்லோரும் கலைந்தபின் அருகில் வந்து, அறிவுரை சொல்கிற தோரணையில் என் தோளில் கை வைத்தார்.

"கோபமில்ல தம்பி. ஆனா ஒண்ணு, போன பந்து சுத்திக்கித்து நடுவுக்குத்தான் வரும். போன யாவாரம் அடுத்த கடைக்கில்லா போகும்."

தலைவர் ஓடுவதில்லை

கட்சித் தலைவர், எங்கள் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல ஆங்கிலம், அதைவிட நல்ல கையெழுத்து. என் மேலதிகாரி. நடுமுன்னணியில் ஆடினார் என்று சொல்வது சற்று மிகை, அங்கே இருந்தார். எதிர்க்கட்சிக் கோலுக்கு எதிரே ஒரு நல்ல இடம் பார்த்து நின்றுகொண்டு, "இஞ்சை தாரும், இஞ்சை தாரும்" என்பார். பந்து கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டால் அடிப்பார். சில வேளை அது பந்தின்மேலும் படும்.

தலைவர் எப்படி ஆடினாலும் ரத்தினபுரிக்குப் போவார் என்பதால், அவருக்கு என்ன பேர் சொன்னாலும் ஒன்றுதான் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒன்றுதான் என்றால் உண்மையையே சொல்லலாமே என்று நான் சொன்னேன். அடுத்த ஞாயிறு பெரட்டுக்களத்தில் அவர் பெயரைச் சொல்லி, அரைப்பேர் என்றேன். திங்கட்கிழமை ஆபீசில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐசே, உமக்குக் கண்ணாடி மாத்த வேணும் போலை கிடக்கு. மாத்தும் மட்டும் நீர் கண்டதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லாதையும்."

கண்ணாடியை மாற்றவில்லை. பருவம் முழுவதும் பார்த்ததையே சொன்னேன்.

கையில் கட்டிய கயிறு

இதற்கிடையில் முத்தையாவுக்கு ஒரு சங்கடம் வந்துசேர்ந்தது. போன வருடம் ஆடித் திருவிழாவில் பார்த்த லெட்சுமி என்ற பெண்ணை அவர் கட்டிக்கொள்வதாகப் பேச்சு. அவள் தகப்பனார் பெரியண்ணன், ரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. லாரிக்காரர் வாயிலாக, மாப்பிள்ளை அரைப்பேர் வாங்கிய செய்தி அவருக்குப் போயிற்று. அது ஹாக்கிக்கு வாங்கிய அரைப்பேர்தான் என்பதையும் லாரிக்காரர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அது விஷயத்தை இன்னும் கெடுத்தது. வெளையாட்டுலயே அரைப்பேரு வாங்குறவன் வேலையில என்ன வாங்குவான் என்று கங்காணி கேட்டாராம். ரத்தினபுரி ஆட்டத்துக்குத் தானே வருவதாகவும், மாப்பிள்ளைக்கு என்ன பேர் விழுகிறது என்று தன் காதால் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லப்போவதாகவும் சொல்லி அனுப்பினார். இல்லையென்றால், அவர் தோட்டத்திலேயே வேறொரு பையன் தயாராக இருந்தான்.

முத்தையா என்னைத் தேடி வந்தார். பேரை மாற்றிச் சொல்லும்படி கேட்பார் என்று எதிர்பார்த்து, அதற்கொரு மறுப்புரையை நான் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல உரை. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு முழக் கயிற்றை நீட்டி, மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் சேர்த்துக் கட்டிவிடச் சொன்னார். கை தோளுக்குப் போகாத அளவில் கட்டினேன். அன்று முதல் வேலை முடிந்து வந்து, இருட்டும்வரை, மழையானாலும் வெயிலானாலும், அந்தக் கயிற்றோடு ஓடி ஓடிப் பந்தடித்தார். கயிறு பல தடவை அறுந்தது. வேறு கயிறு வந்தது. மணிக்கட்டில் தோல் உரிந்தது, துணி சுற்றிக்கொண்டார். இரண்டு அரைப்பேருக்குப் பின் ஒரு முழுப்பேர் விழுந்தது. பிறகு முழுப்பேராகவே விழுந்துகொண்டிருந்தது. ரத்தினபுரிக்கான பதினொருவரில் அவர் பெயரை நான் வாசித்த மாலையில், கயிற்றை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க. கைக்கு இன்னும் எம்மேல நம்பிக்கை வரல."

ரத்தினபுரி

துரைமார் நல்ல ஆட்டக்காரர்கள். எங்களைவிட ஒரு கோல் அதிகம் போட்டு வைத்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே, என் நாற்காலிக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரியண்ணன் கங்காணி நின்றார். ஆட்டம் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. அவர் பந்தைப் பார்க்கவேயில்லை. முத்தையாவின் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நேரத்தில் முத்தையா இடது ஓரமாகக் கிளம்பி, மூன்று துரைமாரைத் தாண்டி, கோல்கீப்பருக்கு நேரே வந்துவிட்டார். பலமாக ஓர் அடி போதும். மட்டை பின்னால் போயிற்று, இடுப்புக்கு ஏறியது, மார்புக்கு ஏறியது. கயிறு அன்று இல்லை. இருந்தும் கை அங்கேயே நின்றது. அவர் மட்டையைத் தாழ்த்தி, பந்தை மெல்லப் பக்கவாட்டில் தள்ளினார். அங்கே பெரிய கிளாக்கர், ஒருவர் காவலும் இல்லாமல், திறந்த கோலுக்கு முன்னால், பருவம் முழுவதும் காத்திருந்த இடத்தில் நின்றிருந்தார். அடித்தார். ஒரு புல்கட்டி பறந்து கோலுக்குள் போயிற்று. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள். தோற்றோம்.

கங்காணி என் பக்கம் திரும்பினார்.

"எங்க தோட்டத்துல பேர் போட்டா எல்லாருக்கும் கேக்குற மாதிரி கூப்புடுவாங்க. இங்க எப்பிடிங்க?"

"இங்கேயும் அப்படித்தான்," என்றேன்.

பெரிய கிளாக்கர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே விரைந்து வந்தார். ஓடினார் என்றே சொல்லலாம். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். "ஐசே, துரைமார், துரைசாணிமார் எல்லாம் நிக்கினம். பேர் வாசிக்கிறதைத் தோட்டத்திலை போய் வைச்சுக்கொள்ளும்."

முத்தையா பெயரை மட்டும் சொல்லி முடித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அது பெரட்டு முறையாகாது. ஒருவருக்குப் பேர் கூப்பிட்டால் எல்லோருக்கும் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது தயவு, மதிப்பீடு அல்ல. கங்காணி தயவைக் கேட்க ரத்தினபுரிக்கு வரவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்றேன். காதர் நானாவுக்கு முழுப்பேர். ரத்தினபுரியில் அவருக்கு வாடிக்கை இல்லை. அந்தோனிக்கு முழுப்பேர். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கிளப் துரைமாருக்கு எங்கள் துரை பக்கத்தில் நின்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார். முத்தையாவுக்கு முழுப்பேர் என்றேன். பிறகு கட்சித் தலைவர் பெயரைச் சொன்னேன். அரைப்பேர் என்றேன். எங்கள் துரை அதையும் விளக்கினார். ஒரு துரைசாணி சிரித்தது மைதானம் முழுவதும் கேட்டது.

கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"மாப்ள கோல் போட்டாருங்களா?"

"இல்லை."

"ஜெயிச்சீங்களா?"

"இல்லை."

"பெரிய ஐயாவுக்கே அரைப்பேர் போட்ட வாயி, எங்க மாப்ளைக்கு முழுப்பேருன்னு சொல்லுது. எனக்கு இது போதுங்க. தையில வச்சுக்குவோம்."

பிறர் ஆட்டத்துக்கு மதிப்புப் போடுகிறவன் ஒருவேளை சரியாகவே போடக்கூடும், ஆனால் அதைச் சொல்ல அவன் நாற்காலிமேல் ஏறாமலிருப்பது உத்தமம் என்பதே அந்தப் பருவத்தில் நான் கற்ற ஹாக்கி. தையில் கல்யாணம் நடந்தது. பெரிய கிளாக்கர் வரவில்லை. தம் மட்டையை மாப்பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பியிருந்தார். அடுத்த பருவம் தொடங்கியபோது கோட்டுக்கு வெளியே இரண்டு மடக்கு நாற்காலிகள் கிடந்தன. இரண்டாவதில், துரையின் அனுமதியோடு, பெரிய கிளாக்கர் உட்கார்ந்து, நான் பேர் போடுகிற விதத்துக்குப் பேர் போட்டார். முதல் ஆட்டத்தில் எனக்கு அரைப்பேர்.