மாத்தி வச்சாச்சு

என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டு டேப் கிடக்கிறது. அதில் நீல மையில் ‘அணைக்காதே’ என்று எழுதியிருக்கும். மலையாள மண்ணில், கழக்கூட்டத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பழைய சர்வர் மீது அண்ணாச்சி ஒட்டியது. அந்த இரும்புப் பெட்டியைப் போய் யார் அணைக்கப்போகிறார்கள் என்று கேலி செய்வோம். “சிரிங்க, சிரிங்க. சுவிட்சுல கை வச்சா அப்ப தெரியும்” என்பார்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், ஒப்பந்த ஊழியர். அந்தச் சர்வரின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதை நம்பி நகருக்குள் ஸ்ரீவராகத்தில் ஒரு வாடகை வீடு பேசி வைத்திருந்தார். மனைவியும் மகளும் வந்துவிடுவார்கள் என்பதே அவருடைய ஒரே பேச்சு. மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் திண்டாடக்கூடாதே என்று, இந்த ஊரிலேயே வளர்ந்த ஆரியசாலைக்காரியான என்னிடம் மலையாளச் சொற்களைக் கேட்டு, சாயங்காலம் போனில் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார். பாதியைத் தப்பாகத்தான் சொல்லிக்கொடுப்பார்.

எங்கள் சர்வருக்குத் தயார் நிலையில் கிடைக்கும் இயங்குதளம் ஒத்துவராது. மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து எடுக்கவேண்டும். அதில் முதலில் கண்விழிப்பது அதன் கருவான கர்னல். அது எழுந்தால்தான் மற்றவை எழும். கம்பைல் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. மறுபடி இயக்குவதற்கு முன், தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் போயிருந்த மலையாளி நண்பரிடம் அண்ணாச்சி போனில் யோசனை கேட்டார். அந்த இயந்திரத்தை நன்றாக அறிந்தவர் அவர்தான். அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. அண்ணாச்சி சொன்னது கேட்டது: “மாத்தி வச்சாச்சு தம்பி.”

மறுபடி இயக்கியதும், டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுத் திரை அப்படியே நின்றது. பழைய கர்னலைக் கொண்டு எழுப்பலாம் என்றால் அது இல்லை. அது இருந்த இடத்திலேயே புதியதைப் போட்டு அழித்திருந்தார். மீட்பு சிடியாலும் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை. அதைப் படிக்கும் டிரைவர் நிரலை எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் எழுதியிருந்தார்; புதிய கர்னலில் அது சேரவில்லை, அதன் மூல நிரலோ அந்த டிஸ்க்குக்குள்ளேயே இருந்தது. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின கதைதான். பேக்கப் எடுப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது; யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி கேபிளை மாற்றினார், கார்டைத் துடைத்துச் செருகினார், வேறொரு கணினியில் மறுபடியும் மறுபடியும் கம்பைல் செய்தார். அதே வரி வந்து நின்றது.

கல்யாணம் முடிந்து லட்டுப் பெட்டியோடு வந்த நண்பர் திகைத்துப்போனார். “பழயது மாற்றி வெச்சோ என்னல்லே அண்ணாச்சி ஞான் சோதிச்சது?” பழையதை மாற்றி வைத்தாச்சா என்றுதானே கேட்டேன் என்கிறார். மலையாளத்தில் மாற்றி வைப்பது என்றால் பத்திரமாகத் தனியே எடுத்து வைப்பது. திருநெல்வேலியில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பது. அண்ணாச்சி சொன்னதும் பொய்யில்லை.

“சாரமில்லா, போட்டே” என்றார் மேனேஜர். பரவாயில்லை, போகட்டும் என்று அர்த்தம். போனது அண்ணாச்சியின் வேலை. பேக்கப்பைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசி நாளில் அண்ணாச்சியே சுவிட்சை அணைத்தார். மின்விசிறி சுற்றி ஓயும்வரை நின்றார். பிறகு டேப்பை உரித்து, “இனி இது எதுக்கு? நீ வச்சுக்கம்மா” என்று என் கையில் கொடுத்தார்.

சென்ற மாதம் அவருக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள். அப்பா இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல், மலையாளம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு வைத்தேன்.

“ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. மாத்தி வைன்னா பத்திரமா எடுத்து வைக்கிறது. அப்பா கடைசியா சொல்லித்தந்தாங்க.”

டேப்பில் பசை காய்ந்துவிட்டது. இனி எதிலும் ஒட்டாது. இழுப்பறையில் மாற்றி வைத்திருக்கிறேன்.