ஜெபராஜ் அண்ணன் அறுத்துத் திறந்த பெட்டி

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்காக வேனிலிருந்து கீபோர்டை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் மெல்லிசைக் குழுவின் கிதார் கலைஞர் ஜெபராஜ் அண்ணன், பாளையங்கோட்டை வீட்டில் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு எப்படிண்ணே வாசிக்க?" என்று டிரம்ஸ் முருகேசன் கேட்டான். வாசித்தோம். கல்யாண வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அவரோடு மேடை ஏறிய எல்லோருக்கும் அவருடைய கிதார் ஸ்பீக்கர் பெட்டியைத் தெரியும். வாங்கும்போது பின்பக்கம் முழுக்கப் பலகை வைத்து அடைத்திருந்தது. அதில் வாசித்தால் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோல் கேட்கும். ஒருநாள் பின்பலகையைக் கழற்றி, நடுவில் அகலமாக ஒரு பட்டையை அறுத்தெடுத்துவிட்டு, மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் மட்டும் திரும்ப மாட்டினார். "உள்ளயே கெடந்து முட்டுது வே. பின்னால ஒரு வழி விட்டா தன்னால வெளிய வருது பாரும்" என்றார். உண்மைதான், ஒலி மேடை முழுக்கப் பரவியது. பின்னால் உட்கார்ந்திருக்கும் முருகேசனுக்கு அன்றைக்குத்தான் கிதார் ஒழுங்காகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவன் தாளம் தப்பாமல் அடிக்கிறான் என்று அண்ணன் சீண்டுவார்.

அத்தோடு விட்டிருக்கலாம். சில வருடங்களில் அதுவும் அவருக்குப் போதவில்லை. "இன்னும் அடைச்சாப்லயே இருக்குல்லா" என்று மிச்சத் துண்டுகளையும் கழற்றினார். முன்பக்கத் துணியையும் பிய்த்தார். கூர்மையான ஒலியைக் கூட்டும் டிரெபிள் திருகைக் கடைசிவரை திருகிவைத்தார். ராதாபுரம் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவில் அவர் கம்பியைத் தொட்டதும் முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவரோ என்னைப் பார்த்து, "எப்படி வே, இன்னும் கொஞ்சம் தெறக்கணுமோ?" என்றார். பெட்டியில் திறப்பதற்கு இனி ஒன்றுமில்லை. குறை எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சும்மா காட்டிட்டு வருவோம்ணே" என்று காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். இத்தனை வருட மேடைச் சத்தத்தில் கெட்டுப்போன காது, கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன் இனித் திரும்பாது என்றார் அவர். காது மிஷின் மாட்டினால் பேச்சு கேட்கும் என்றார். அண்ணன் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கிதாரை மீட்டிப் பார்த்தார். தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன், வேறு டாக்டர்களை விசாரித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"பொறவு எதுக்குண்ணே பெட்டியப் போட்டு அந்தப் பாடு படுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு மொதல்லயே தெரியும் வே. காதை அறுத்துத் தெறக்க முடியுமா? கைக்குக் கெடைச்சது பெட்டிதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு மேடையில் என் இடப்பக்கம் நிற்கும் அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் ஒலியைச் சரிசெய்தார். நான் முகம் சுளித்தால் குறைப்பார், தலையாட்டினால் விட்டுவிடுவார். "உம்ம மூஞ்சிதான் வே இனி எனக்குக் காது" என்பார். வாசிப்பில் ஒரு பிசகு வந்ததில்லை. அவ்வளவு நன்றாக வாசித்ததை அவர் மட்டும் கேட்கவில்லை.

பெட்டி அவர் மகளிடம் இருக்கிறது, அதுதான் முறை. என்னிடம் மிஞ்சியது இந்த முகம்தான். எங்கே கிதார் ஒலித்தாலும் அது இடப்பக்கம் திரும்பி, நன்றாக இருக்கிறது அண்ணே என்று தலையாட்டுகிறது. அங்கே பார்க்க ஆளில்லை என்று அதற்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.