டிக் சாரின் ஆறு வாரப் பயிற்சி

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று தரும் அலுவலகத்தில் அவருக்கு ‘டிக் சார்’ என்று பெயர். சோதனைப் படிவத்தில் கம்பி வடம், பிரேக், கதவு, அவசர மணி என்று இருபத்தேழு கட்டங்கள். மற்ற ஆய்வாளர்கள் ஒரு லிஃப்டுக்கு அரை நாள் மெனக்கெடுவார்கள். டிக் சார் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் இருபத்தேழிலும் டிக் போட்டு முடித்துவிடுவார். சந்தேகம் வரக் கூடாதென்று ஓரிடத்தில் ‘எண்ணெய் போடவும்’ என்று எழுதுவார். முப்பது வருடத்தில் ஒரு லிஃப்டும் விழவில்லை. அதைத் தன் திறமை என்றே நம்பினார்.

போன வருடம் இடுப்பருகே முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்த, அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்ததும் வலியில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். எட்டு மாதம் நன்றாக இருந்தார். பிறகு ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தபோது பழைய வலி கெண்டைக்கால் வரை சுண்டி இழுத்தது. மறுபடியும் அறுவைக் கத்தியா என்று பயந்து டாக்டரிடம் ஓடினார்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். “கால்ல பலம் குறையல. இப்போ ஆபரேஷன் வேண்டாம். கொஞ்ச நாள் மாத்திரை, தினம் ரெண்டு வேளை நடை, இந்த அஞ்சு பயிற்சி. ஆறு வாரம் செஞ்சிட்டு வாங்க.” ஒரு தாளை நீட்டினார்.

தாளில் கட்டங்கள்! நாற்பத்திரண்டு நாளுக்கும் டிக் போட இடம். பக்கத்தில், பத்துக்கு வலி எத்தனை என்று எழுத இடம். டிக் சாருக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது.

மூன்று நாள் செய்தார். நான்காம் நாள் வலித்தது. ஐந்தாம் நாள் மழை. அப்புறம் நாளைக்குச் சேர்த்துச் செய்துகொண்டால் போகிறது என்று விட்டுவிட்டார். ஆறு வாரம் முடிந்து டாக்டரைப் பார்க்க வேண்டிய காலையில், சோபாவில் சாய்ந்தபடி மிச்ச நாட்களை எழுதினார். இரண்டு பேனா மாற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விட்டு, ‘விருந்தாளிகள்’ என்று குறித்தார். வலியை மட்டும் குறைத்துப் போட மனம் வரவில்லை; எட்டு, எட்டு, ஒன்பது என்று உள்ளதையே போட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இது லிஃப்ட் இல்ல. உங்க இடுப்பு.”

“உனக்கு இதெல்லாம் புரியாது, சும்மா இரு.”

மனைவியும் கூட வந்தாள். கிளினிக் நான்காவது மாடியில். அங்கிருந்த லிஃப்டில் அவர் கையெழுத்திட்ட சான்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. டிக் சார் அதைப் பார்த்தார்; திரும்பி, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஏறினார்.

டாக்டரம்மா தாளை வரி வரியாகப் படித்தார். தான் நிரப்பிய படிவத்தை ஒருவர் படிப்பதை டிக் சார் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

“ஒரே ஒரு நாள்தான் விட்டிருக்கீங்க. இவ்வளவு ஒழுங்கா யாரும் செய்ய மாட்டாங்க. அப்படியும் வலி குறையலன்னா, இனி பயிற்சியை நம்பிப் பிரயோஜனமில்ல. இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டு ஆபரேஷன் பத்திப் பேசிடலாம்.”

டிக் சார் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர்... அதுல கொஞ்ச நாள் செய்யல.”

“எத்தனை நாள்?”

“ஒரு பத்து...”

மனைவி கனைத்தாள்.

“முப்பத்தொன்பது. ஆனா அந்த ஞாயித்துக்கிழமை செய்யலன்னு எழுதினது நிஜம் டாக்டர்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். “இனிமே டிக் போடறது நீங்கதாம்மா. சார், அந்த மெத்தை விரிப்புல படுங்க. ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை.”

மானம் போனாலும் கத்தி தள்ளிப் போனதே என்று படுத்தார். வலது காலைத் தூக்கினார், இறக்கினார். மூச்சு வாங்கியது.

“பத்து ஆச்சு” என்றார்.

“ஆறு” என்றாள் மனைவி, பேனாவைத் திறக்காமலே.

டிக் சார் ஏழாவது முறை காலைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.