இதயம் நின்றதால் மரணம்

இறப்புச் சான்றிதழில் அந்த வரியைப் பார்த்தாலே பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “செத்தா யாருக்குத்தான் இதயம் நிக்காது? எதனால நின்னுச்சுன்னு எழுத வேண்டாமா?” என்று அலுவலகத்தில் பொரிந்து தள்ளுவாள். ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் உண்மைக் காரணத்தை விசாரிப்பதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை.

அன்று குஷாய்குடா பகுதியில் ஒரு வீட்டில் வேதவல்லி நீட்டிய கணவரின் சான்றிதழிலும் அதே வரி. மஞ்சள் காமாலை இருந்ததா, வயிறு வீங்கியதா, ரத்த வாந்தி எடுத்தாரா என்று பியூலா கேட்டாள். மூன்றுக்கும் ஆமென்று தலையாட்டினாள் வேதவல்லி.

“குடிப்பாரா?”

“ஐயோ, தொட்டதே இல்லைங்க.” அவள் பார்வை உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் பக்கம் போய் வந்தது.

பியூலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, கணவன் தனசிங்கின் சவப்பெட்டியை சர்ச்சுக்குக் கொண்டுபோகும் முன், டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அவளே கெஞ்சியிருந்தாள்: “லிவர்னு எழுதாதீங்க டாக்டர், ஹார்ட்னு போடுங்க.”

பேனாவை மூடினாள்.

“எங்க வீட்டுக்காரரும் தொட்டதே இல்லைன்னுதான் நானும் ஊருக்குச் சொல்லிட்டிருக்கேன்.”

வேதவல்லி அவளையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய், மகள் இருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.