கொஞ்சம் பெரிய டயர்

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டயர் கடையில், என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது அந்த டாக்சி டிரைவரைப் பார்த்தேன். நரைத்த தாடி, சாயம் போன காக்கிச் சட்டை. தன் காரின் டயரையும் அதைவிடக் கொஞ்சம் பெரிய டயரையும் ஒட்டி நிறுத்தி, சாண் போட்டு அளந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை அளந்த பிறகும் காரின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் மனைவி சுருண்டு படுத்திருந்தார்.

“பெருசு போட்டா, ஸ்டீரிங்க முழுசா ஒடிக்கும்போது மட்கார்டுல ஒரசும்ணே” என்றார் கடைக்காரர்.

“மெதுவா ஒடிச்சிக்கிறேன். பள்ளத்துல குலுங்கல் கொறையும்ல? அவளுக்கு முதுகுல கட்டி. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறப்பல்லாம் வலி தாங்காம கத்துறாபா.”

டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு சார், கொறையும்தானே?”

எனக்கு டயரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. “கண்டிப்பா கொறையும்” என்றேன். உடனே பெரிய டயரை மாட்டச் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கடைக்குப் போய் அவரைப் பற்றி விசாரித்தேன்.

“போன வாரம் வந்து பழைய டயரையே மாட்டிக்கினு போய்ட்டாரு சார். அந்தம்மா தவறிட்டாங்களாம்.”

குலுங்கல் கொஞ்சமாவது குறைந்ததா என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பினேன்.