அட்ரஸா, அட்வான்ஸா

மகாராஜாவுக்குப் பிடித்தது காப்பி. ஆனால் கடையில் போய் நின்றால் டீ என்றுதான் கேட்பான். 'கா' என்ற எழுத்து தொண்டையில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள், கடைக்காரர் பரிதாபமாகப் பார்ப்பார். அதற்கு டீயே தேவலை என்று பள்ளிக்கூட வயதிலேயே முடிவு செய்துவிட்டான்.

அவனுடைய அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்காகத் தென்காசிப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்தவர்கள். மகாராஜா பிறந்ததும் படித்ததும் இங்கேதான். தமிழ், மலையாளம் இரண்டும் தெரியும், இரண்டிலும் திக்கும். அம்மா முத்தாரம்மாள் அவனைத் திக்கவே விடமாட்டாள். வாயைத் திறந்ததுமே, "என்னய்யா, சோறு வைக்கவா? தல வலிக்கா?" என்று மீதியை அவளே சொல்லிவிடுவாள். பிள்ளை சிரமப்படக்கூடாதே என்ற பாசம். பல நேரம் அவள் சொல்வது தப்பாக இருக்கும். அதை மறுக்க இன்னொரு வாக்கியம் பேச வேண்டுமே என்று அவனும் தலையை ஆட்டிவிடுவான்.

பி.எஸ்சி. முடித்ததும் சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தான். முதலாளி நல்ல மனுஷர். ஆட்களிடம் பேசிக் கஷ்டப்பட வேண்டாமென்று அவனைக் கிடங்கில், ஸ்டாக் பார்க்கிற கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். அந்தக் கம்ப்யூட்டரை மகாராஜாவுக்குப் பிடித்துப்போனது. அது அவசரப்படவில்லை, அவன் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. மிச்ச வாழ்க்கையை இதனோடு கழித்துவிடலாம் என்று தோன்றியது. நகரத்தின் ஓரத்திலுள்ள கழக்கூட்டத்தில், ஐ.டி. பார்க்குக்கு எதிரே ஒரு மாடியில் நடந்த புரோகிராமிங் பயிற்சியில் சேர்ந்தான்.

பயிற்சி என்றால் பாடம் கேட்பது அல்ல. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கையால் செய்து பார்ப்பது. பயிற்சியாளர் சுமி முதல் நாளே விதியைச் சொன்னார். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் டைப் செய்ய வேண்டும், மற்றவர் என்ன எழுதுவது, ஏன் எழுதுவது என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும்.

மகாராஜாவுக்கு வியர்த்துவிட்டது. பேசாமல் பிழைக்கலாம் என்று வந்த இடத்தில் முதல் வேலையே பேச்சாக இருந்தது.

அவனுக்கு ஜோடியாக வந்தவள் ஜெஸ்லின். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரி. ஒரு மொபைல் கம்பெனியின் கஸ்டமர் கேரில் வேலை பார்த்தவள். பேச்சும் வேகம், விரலும் வேகம். அவன் திக்குவதைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. "சாரமில்ல, பரவாயில்ல, மெதுவா சொல்லுங்க" என்றாள். ஆனால் மெதுவாகச் சொல்ல விடவில்லை. அவன் முதல் எழுத்தைத் தொட்டதும் மீதியை அவளே டைப் செய்தாள்.

கழக்கூட்டத்தில் ஹாஸ்டல் அறை தேடுகிறவர்களுக்கு ஒரு ஆப் செய்து கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மகாராஜா, "இதுல அட்... அட்..." என்று தொடங்கினான். ஜெஸ்லின் 'அட்வான்ஸ்' என்று அடித்துவிட்டாள். அவன் சொல்ல வந்தது 'அட்ரஸ்'. வழக்கம்போல அவன் தலையாட்டிவிட்டான். மதியத்துக்குள் ஹாஸ்டல் முகவரிகளெல்லாம் பணம் வரவேண்டிய கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள். தேடித் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தபோது ஜெஸ்லினுக்குக் கோபம் வந்தது.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் தலைய ஆட்டினீங்க?"

மகாராஜா நெடுநேரம் திணறினான். அவள் வாயைத் திறக்கப் போனபோது கையைக் காட்டித் தடுத்தான். அப்படித் தடுத்தது அவனுக்கே புதிது.

"நீங்க... பா... பாவம் பாத்து முடிச்சு வைக்கிறீங்க. ஆனா... அது எ... என் வார்த்தை இல்ல."

ஜெஸ்லின் ஸ்கிரீன் பக்கம் திரும்பிப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினாள். மறுநாள் அவன் சொல்ல வேண்டிய முறை வந்ததும் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்க கை எனக்க பேச்சையே கேக்காது. அதான்" என்றாள்.

அவன் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கை மடியிலேயே இருந்தது. தொடக்கத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. நாள் போகப் போக அந்த அவஸ்தை குறைந்தது. அவன் வார்த்தை சிக்கி நிற்கும்போது ஜன்னல் வழியே பைபாஸில் லாரி போவதைப் பார்ப்பாள், தண்ணீர் குடிப்பாள், பிறகு திரும்பி அவன் முகத்தைப் பார்ப்பாள். அவனுக்குத் திக்கல் குறையவில்லை. திக்கினால் என்ன என்ற துணிச்சல்தான் வந்தது. எளிதான வார்த்தை தேடி ஓடாமல், வேண்டிய வார்த்தையையே பிடித்து நின்றான்.

பயிற்சி முடிவில், கம்பெனிக்காரர்கள் முன்னால் ஆப்பைக் காட்டும் நாள் வந்தது. பெண்கள் ஹாஸ்டலின் முழு முகவரியும் எல்லோருக்கும் தெரியக்கூடாது, அறை உறுதியானவர்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும் என்பது மகாராஜாவின் யோசனை. அதை அவனேதான் விளக்க வேண்டியிருந்தது. "இதுக்குக் காரணம் பிரை... பிரை..." என்று நின்றான்.

முன்வரிசையில் இருந்த அதிகாரி கனிவாக, "பிரைஸ், அல்லே?" என்று மலையாளத்தில் எடுத்துக்கொடுத்தார்.

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். மகாராஜா ஆட்டவில்லை. "இல்ல சார். கொ... கொஞ்சம் டைம் தாங்க. நா... நானே சொல்லுதேன்."

 பின்வரிசையில் சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஜெஸ்லின் இரு கைகளையும் கோத்துக்கொண்டாள். "பிரைவசி" என்று அவன் சொல்லி முடித்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

அந்த அதிகாரியின் கம்பெனி ஜெஸ்லினைத்தான் எடுத்தது, அவனை எடுக்கவில்லை. அன்றைக்கு அவன் மனசு நொந்துதான் வீடு திரும்பினான். இன்னும் சில இடங்களில் ஏறி இறங்கிய பிறகு, அதே ஐ.டி. பார்க்கில் ஒரு சின்ன கம்பெனி அவனைச் சேர்த்துக்கொண்டது. சேர்ந்த அன்றே, "எனக்குத் திக்கும். முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கிடுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

மாலையில் இருவரும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்பது வழக்கமானது. ஒரு நாள் அவன், "ஜெஸ்லின், என்னைக் க... க..." என்று ஆரம்பித்த நேரம் பாறசாலை பஸ் வந்துவிட்டது. ஜெஸ்லின் ஏறவில்லை. கண்டக்டர் மணியடித்தார், பஸ் போயிற்று. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...கல்யாணம் பண்ணிக்கிடுவீங்களா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "வீட்டுல வந்து அப்பாட்ட கேளுங்க" என்றாள்.

அவள் முன்கூட்டியே விஷயத்தைச் சொன்னபோது, அப்பா வேதமாணிக்கம் பையன் வீட்டுப் பக்கமே வரக்கூடாதென்று ஒரேயடியாக மறுத்தார். வேற்று மதம், சர்ச் சபை, சொந்தம், ஊர் என்று சில மாதங்கள் முறைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பையனைப் பார்த்துத் திட்டிவிட்டு வரலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே மகாராஜாவின் வீட்டுக்குப் புறப்பட்டு வந்தார். வந்தவர் பேசினார், பேசினார். திட்டில் ஆரம்பித்து, ரப்பர் விலை, முழங்கால் வலி, இறந்துபோன மனைவி என்று எங்கெங்கோ போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகாராஜா ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மகளிடம் சொன்னார்: "பிள்ளே, நல்ல பையன்தான். நான் பேசினத முழுசும் கேட்டான். ஆகவேண்டியதப் பாப்பம்."